டிராம்பே சேற்றில் சிக்கிய ஞாயிற்றுக்கிழமை

டிராம்பே கழிமுகத்துக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது அறுபதுகளின் நடுவில், கல்யாணமான வருஷத்து மழைக்காலத்தில். ஆறுகள் அடித்து வரும் வண்டலை அளப்பது என் கணவரின் வேலை. தினமும் சேறு படிந்த வேட்டியோடு வீடு திரும்புவார். அப்பா அவருக்கு பாங்கில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

"ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் நீ சொல்றதைக் கேக்கறேன்" என்றார் கணவர்.

மாதுங்காவிலிருந்து ரயிலில் குர்லா. வண்டி மாறிச் செம்பூர். பிறகு டிராம்பே பஸ். காலை எட்டுக்குக் கிளம்பினால் பத்துக்குள் படகுத்துறை. தோணிக்காரர் சுடலை தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர்.

தோணியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனோம். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஒரு புட்டியில் மொண்டு காட்டினார் கணவர். "இதெல்லாம் மலை மேல இருந்த மண்ணு. மரத்தை வெட்டிட்டா மழை நேரா மண்ணுல அறையும். கரைஞ்சு ஆத்தோட வந்து இங்க படியறது." வீட்டில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

பேச்சு சுவாரசியத்தில் நீர் வடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. தோணி தரை தட்டியது. தள்ளிவிட இறங்கிய கணவர் தொடை வரை புதைந்தார். அசைய அசைய இடுப்பு வரை போயிற்று.

"ஏன்னா!" என்று கையை நீட்டினேன்.

"நீட்டாதே! நீயும் விழுந்துடுவே."

"சாரு, காலை உதறாதீய! மல்லாக்கச் சாயுங்க!" சுடலை தோணியில் கிடந்த பலகையைச் சேற்றில் போட்டார். "எக்கா, நீங்க கயித்தைப் பிடிங்க."

கயிற்றைக் கணவரின் அக்குளில் சுற்றிக் கட்டி இருவருமாக இழுத்தோம். என் உள்ளங்கை தோலுரிந்தது. ஒருவழியாகத் தோணியில் வந்து விழுந்தவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "புட்டி உடையலையே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீர் ஏறும்வரை தோணியிலேயே உட்கார்ந்திருந்தோம். பாங்கு வேலை வேண்டாம் என்று அன்றே அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

போகிறவர்களுக்கு: நீர் ஏறும் நேரத்தைத் துறையில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கெட்டியாகத் தெரிகிறதே என்று சேற்றில் இறங்காதீர்கள். கூட வருபவர் மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தடுக்காதீர்கள். ஆனால் நேரமாகும், தயிர்சாதத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள்.