வந்தபோது இருந்தபடி

எங்கள் சந்து முனையில் பொதுக்குழாய் இரண்டு உண்டு. பக்கத்தில் ஒரு வால்வு. அதை மூடினால் இந்த இரண்டிலும் தண்ணீர் வேகமாக விழும். உள்ளே இருக்கும் வீடுகளுக்கு நின்றுவிடும். சில நாள் உள்ளே பைப் உடைந்து, அந்த வீட்டுக்காரர்களே வேண்டுமென்று மூடி வைத்திருப்பார்கள். அதனால் என் மகள் குடம் தூக்கும் வயதுக்கு வந்ததும் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கை வைப்பதற்கு முன்னால் பார், நீ வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வா, அடுத்தவர் வைத்ததை மாற்ற நமக்கு உரிமையில்லை. இத்தனை வருஷத்தில் என் மகளைக் குறை சொல்லி ஒருத்தியும் என் வாசலில் வந்து நின்றதில்லை. தாராவியில் இது சின்ன விஷயமில்லை.

அவள் படித்து வாஷியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். போனில் நாம் தொட்டுத் தள்ளிப் பார்க்கிறோமே, அந்தப் பக்கங்களைச் செய்கிற வேலை. அவள் அப்பா போன பிறகு வீடு அந்த வேலையில்தான் நின்றது. பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு. வீட்டில் என்றால் ஏணி ஏறி, பலகை அடித்த மேல்தட்டில் உட்கார்ந்துகொள்வாள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். நான் கீழே என் வேலையைப் பார்ப்பேன். அவள் பேசுவதெல்லாம் காதில் விழும். இந்தியும் இங்கிலீஷும் கலந்து ஓடும். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர காது நன்றாகக் கேட்கும்.

ஒரு பக்கத்தை ஒருவரே செய்வதில்லையாம். ஆளுக்கு ஒரு துண்டு செய்து, பிறகு சேர்த்து வைப்பார்களாம். துண்டு அவரவருடையது, பக்கம் எல்லாருக்கும் பொது. ஒரு துண்டு திரையில் பெட்டி மாதிரி விரியும்போது, அடியில் இருக்கும் பக்கம் விரலுக்கு நழுவாமல் பிடித்து நிறுத்த வேண்டும். பெட்டி மூடினதும் பிடியை விட வேண்டும். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. விளங்க வேண்டியதும் இவ்வளவுதான்.

கிட்னி போனவர்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிற ஒரு இடம். அங்கே படுக்கைக்கு முறை பதிவு பண்ணுகிற பக்கத்தை இவர்கள் கம்பெனி செய்து கொடுத்திருந்தது. நேரம் தேர்ந்தெடுக்கிற பெட்டி என் மகள் செய்தது. மாசக்கணக்காக ஒழுங்காக ஓடியது. பிறகு விடுமுறை அறிவிப்புக்கு என்று, கூட வேலை பார்க்கும் ஒரு பையன் இன்னொரு பெட்டி செய்து அதே பக்கத்தில் வைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. ஜனங்கள் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பதிவு பண்ணுகிற பொத்தான் கீழே இருந்தது. பக்கம் நகரவில்லை. நேரம் தேர்ந்தெடுத்ததே பதிவு ஆனதுதான் என்று நினைத்துக்கொண்டு காலையில் போய் நின்றார்கள். படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீத்தா கேம்பிலிருந்து வந்த ஒரு மனுஷனுக்கு மறுநாள் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

இதை மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மத்தியானம் நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஏணியில் பாதி இறங்கி, படியிலேயே உட்கார்ந்து சொன்னாள்.

"எம்மா, ரெண்டு பேரு குழாயடில நிக்கோம்னு வச்சுக்கோ. மொதல்ல வந்தவ வால்வ மூடுதா. பொறவு நான் வாறேன். மூடிக் கெடக்குன்னு பாத்துக்கிடுதேன். அவ நெறச்சிட்டு, தொறந்து விட்டுட்டுப் போயிருதா. நான் போகையில, வந்தப்ப மூடித்தான இருந்துச்சுன்னு மூடிட்டுப் போறேன். இப்ப அங்க ஒருத்தரும் இல்ல. வால்வு மூடிக் கெடக்கு."

"உள்ள இருக்கவ தண்ணி வரலன்னு சத்தம் போடுவால்லா?" என்றேன்.

"யாருக்குக் கேக்கும்? பக்கம் நவரலன்னு பாத்தவங்களும், தங்க போனுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பாங்க."

அப்படியானால் ஆபீஸில் கேட்டால் அந்தப் பையன் பேரையும் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவன் துண்டு அவன் போட்ட பிடியைத்தான் எடுத்தது, தன் துண்டுதான், வந்தபோது பிடி இருந்ததே என்று அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனது என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ வளத்த வளப்புதான்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

நான் பதில் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. "வளத்ததுல ஒண்ணும் கொறயில்ல. நம்ம சந்துல யாரு நிக்கா, யாரு போயிட்டான்னு கண்ணுக்குத் தெரியும். கண்ணு தெரியாத எடத்துல ஏன்டி அதக் கொண்டுபோய் வச்ச?"

அவள் மேலே ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் அவளே அதைச் சரிபண்ணிவிட்டாள். பெட்டிகள் தாங்களாகப் பக்கத்தைத் தொடக் கூடாது; நடுவில் ஒன்று நின்று, எத்தனை பெட்டி விரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்; கடைசிப் பெட்டி மூடின பிறகு அதுதான் பிடியை விட வேண்டும். இப்படி மாற்றினாளாம். முதலிலேயே இப்படிச் செய்வதற்கு ஆபீஸில் யாரும் சொல்லித்தரவில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் போனில் ஒன்றாகக் கூப்பிட்டார். யார் செய்தது என்று கேட்டார். அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை. என் மகள், தான் செய்தது என்று இந்தியில் தெளிவாகச் சொன்னாள். சீத்தா கேம்ப்காரர் எப்படி இருக்கிறார் என்று அவள்தான் கேட்டாள். அது நம் வேலையில்லை என்று மேனேஜர் சொன்னது கீழே வரைக்கும் கேட்டது.

அந்த வாரமே வேலை போயிற்று. அன்றைக்கு ஏணிப்படியில் உட்கார்ந்து சொன்னாளே, அதற்கு மேல் அவள் அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசுவதே குறைந்துவிட்டது. காட்கோபரில் ஒரு இடம், செம்பூரில் ஒரு இடம் என்று வேலை கேட்டு அலைந்தாள். போன இடத்திலெல்லாம், ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்களாம். உள்ளதைச் சொல்வாளாம்.

அப்படி அவள் போயிருந்த ஒரு நாள், கம்பெனி ஆள் லேப்டாப்பைத் திரும்ப வாங்க வந்தான். சந்துக்குள் வழி தெரியாமல் சுற்றி வியர்த்து நின்றான். நான் ஏணி ஏறி, வயரெல்லாம் கழற்றி எடுத்து வந்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன். கையெழுத்து வேண்டும் என்று, கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான். பேனாவைக் கேட்டு வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான என் பெயரைத் தமிழில் எழுதினேன். மெதுவாகத்தான் வந்தது. அவன் நின்றுகொண்டே காத்திருந்தான்.

சாயங்காலம் வந்த மகள் மேலே பார்த்தாள். வாங்கிட்டுப் போயாச்சா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்தாள்.

"அந்த சீத்தா கேம்ப்காரரு செத்துட்டாராம்மா" என்றாள்.