தராசு அடித்த இரண்டு ஹைட்ரஜன்

பாடநூல் அச்சகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறார். வேதிச் சமன்பாடு எது வந்தாலும் அம்புக்குறியின் இரு பக்கமும் அணுக்களை எண்ணிப் பென்சிலால் புள்ளி வைப்பார். "உப்பையும் எண்ணித்தான் போடணுமா?" என்பாள் மனைவி.

செல் உயிரியல் புத்தகத்தில், குளுக்கோஸ் உடைவதைச் சொல்லும் சமன்பாடு வந்தது. வலப்பக்கம் இரண்டு என்ஏடிஎச், அதாவது ஹைட்ரஜனைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகள். அதன் பின்னால் தனியாக இரண்டு ஹைட்ரஜன் அயனிகள். ஒவ்வொரு என்ஏடிஎச்சும் இரண்டு ஹைட்ரஜனைச் சுமக்கிறது என்று எப்போதோ அவர் மனதில் பதிந்திருந்தது. அப்படி எண்ணியபோது பின்னால் இருப்பவை கூடுதலாகத் தெரிந்தன. சிவப்புக் கோடு போட்டு அடித்தார். நூலாசிரியரைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் விட்டுப்போய் நாளாகியிருந்தது.

புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. சமன்பாட்டை அப்படியே எழுதிய மாணவர்கள் மதிப்பெண் இழந்திருக்கிறார்கள். மேலாளர் கடிதத்தோடு தட்டச்சு செய்யும் பெண்ணின் மேஜைக்கு வந்தார்.

"கண்ணை எங்கம்மா வச்சிருந்தே?"

அவள் ஒரு முறை தராசைப் பார்த்தாள். அவர் குனிந்து, ஏற்கெனவே திருத்தி முடித்த பக்கத்தை மறுபடி படித்தார்.

மத்தியானம் தனியாக இருந்தபோது எண்ணினார். ஒரு என்ஏடிஎச் குளுக்கோஸிலிருந்து சுமப்பது ஒரே ஹைட்ரஜன்தான். குளுக்கோஸில் பன்னிரண்டு இருந்தது. வலப்பக்கம் பத்துதான் வந்து சேர்ந்தது. மின்னூட்டக் கணக்கும் இரு பக்கமும் சமமாகவில்லை.

மறுநாள், புத்தகங்களில் ஒட்ட வேண்டிய திருத்தச் சீட்டு பிழை பார்க்க அவர் மேஜைக்கே வந்தது. 'தட்டச்சில் விடுபட்ட இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைச் சேர்த்துப் படிக்கவும்.' எழுத்துப்பிழை எதுவுமில்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

'தட்டச்சில்' என்பதை அடித்தார். சிவப்புக் கோடு போட்ட பழைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"நேத்து அங்கதானே உக்காந்திருந்தீங்க?" என்றார் மேலாளர்.

அவர் பழைய தாளை மேஜைமேல் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, ஒட்டும் அறையில் அந்தத் தட்டச்சுப் பெண் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அடிச்சது நான்தான்மா. உள்ள போய்ச் சொல்லிட்டேன்."

"எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? உங்க கோட்டைப் பாத்துதானே எடுத்தேன்." சீட்டுக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நேரா ஒட்டுங்க."

நாலைந்து ஒட்டினார். கோணலாகப் போனதை அவள் பிய்த்து மறுபடி ஒட்டினாள்.

"என்னைத் திட்டினப்ப ஒன்பது பேர் இருந்தாங்க. நீங்க சொன்னப்ப எத்தனை பேர் சார்?"

"மேலாளர் மட்டும்."

அவள் அடுத்த புத்தகத்தை எடுத்தாள். அவர் கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. துடைக்காமலே எழுந்து, அந்த ஒன்பது பேரும் வேலை செய்யும் கூடத்துக்கு நடந்தார்.