மூச்சை அடக்கித் தூக்கியவள்

சாய்ந்தமருதில் ஒரு பெண் மவுத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி வாயைத் திறப்பதற்கு முன்பே ஸுஹைறாவின் தொலைபேசி அடிக்கும். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவளுடைய பிழைப்பு. மய்யித்துக் குளிப்பாட்டுவது, அதாவது இறந்த பெண்களைக் கழுவி அடக்கத்துக்கு ஆயத்தமாக்குவது, மற்ற வேலை. அதற்கு அவள் கூலி வாங்கியதில்லை. வாங்கச் சொன்னவர்களோடு பிறகு கதைத்ததுமில்லை. ஆள் சிறியவள், வாய் பெரியது. ஆனால் மய்யித்து வீட்டுத் திரைக்குள் போய்விட்டால் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும். கூட நின்று தண்ணீர் ஊற்றும் பெண்கள் ஊர்க்கதையை எடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள். ஊர்க்கதை வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இந்த வேலைக்கு அவளை யாரும் பழக்கிவிடவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் அவளுடைய உம்மாவும் போனார். அன்றைக்குக் குளிப்பாட்டல் ஏது, கபன் துணி ஏது? கிடைத்தவர்களைக் கிடைத்தபடி அடக்கினார்கள். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று மௌலவிமார் எடுத்துச் சொன்னார்கள். காது கேட்டுக்கொண்டது, மனம் கேட்கவில்லை. அடுத்த வருடம் அதே தெருவில் ஒரு கிழவி மவுத்தானபோது ஸுஹைறா யாரும் அழைக்காமலே போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து நிற்கிறாள்.

இடியப்ப அடுப்புக்கும் குனிய வேண்டும், மய்யித்துப் பலகைக்கும் குனிய வேண்டும். நாரி எத்தனை காலம் சும்மா இருக்கும்? இடுப்புக்குப் பின்னால், அந்த நாரியில், முதலில் ஒரு பிடிப்பு வந்தது. பிறகு அது காலுக்கு இறங்கியது. எண்ணெய் தேய்த்தாள், பத்துப் போட்டாள், பெல்ட் கட்டினாள். படமெடுத்துப் பார்த்த டொக்டர் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, பாரம் தூக்க வேண்டாம் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். செத்த உடம்பை விடப் பெரிய பாரம் எது இருக்கிறது?

போன வருடம் சித்தி லைலா டீச்சரின் மய்யித்தில்தான் அது நடந்தது. டீச்சர் நல்ல பருமன். தோளைத் தூக்கி முதுகுக்குத் தண்ணீர் விடும்போது ஸுஹைறாவின் நாரி பூட்டிக்கொண்டது. கை தளர்ந்து, டீச்சரின் தலை பலகையில் பட்டது. பெரிய சத்தமில்லை. ஆனாலும் திரைக்குள் நின்ற எல்லோருக்கும் கேட்டது. டீச்சரின் மகள் குனிந்து உம்மாவின் தலையைத் தடவிவிட்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிரோடு இருப்பவரை நோகடிப்பதும் மய்யித்தை நோகடிப்பதும் ஒன்றுதான் என்று மற்றவர்களுக்குப் படித்துக் கொடுத்தவள் ஸுஹைறா.

“அந்தப் புள்ள என்ன ஏசியிருந்தா எவ்வளவோ நல்லம்,” என்று அன்று மாலை கணவன் றவூபிடம் சொன்னாள். றவூப் படகு என்ஜின் பழுது பார்ப்பவர். உடைந்ததைக் கழற்றித்தான் பழக்கம், உடைந்தவர்களிடம் கதைத்துப் பழக்கமில்லை. தேத்தண்ணியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தால், “எனக்கு ஏலா, வேற ஆளப் பாருங்க,” என்று வைத்துவிடுவாள்.

இதோடு விட்டிருக்கலாம். ஊரில் குளிப்பாட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் விட முடியாதபடி பக்கத்து வீட்டில் கமீலா கிடந்தாள்.

கமீலா அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா. உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு வீடும் இளையவளுக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இடையில் ஒரு வாசல் மட்டும்தான். கணவன் இல்லாத கமீலா, மகள் ஆகிலாவோடு இருந்தாள். இருதயம் பலவீனம், கால் வீக்கம். கட்டிலும் கதிரையுமாகத்தான் நாள் போனது. அவளிடம் ஒரு மறைவும் இருந்தது. பல வருடங்களுக்கு முன் கொழும்பில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்போது ஆகிலாவுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த நோயின் பெயர் வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டார் வந்த ஓட்டோவிலேயே திரும்பிவிடுவார்கள் என்று பயந்து, வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். கூடப் போனது ஸுஹைறா மட்டும்தான். கலியாணம் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். பொய் மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

“நான் மவுத்தானா என்னக் குளிப்பாட்டுறது நீதான்,” என்று கமீலா வாக்கு வாங்கியிருந்தாள். “மத்தாக்கள்ட கண்ணுல படப்படா. ஆகிலாட கண்ணுலயும்தான்.”

ராத்தா ஒவ்வொரு நாளும் கரைவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த நாரியோடு அவளைத் தூக்க முடியாது. தூக்கிவிட்டு, டீச்சரைப் போட்டதுபோல் போட்டுவிட்டால்? இந்த எண்ணம் வந்த நாட்களில் ஸுஹைறாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மருதமுனையில் ஸம்றா என்ற ஒரு பெண் பிலாட்டிஸ் படிப்பிக்கிறாள் என்று இடியப்பம் வாங்க வந்த உம்மு சொன்னாள். ஸம்றா கணவனோடு கத்தாரில் இருந்தபோது, பிள்ளைப்பேறுக்குப் பிறகு நாரி நோவு வந்து, அங்கேயே அதைப் பழகிச் சான்றிதழும் எடுத்தவள். வீட்டு மாடியில் திரை போட்டுப் பெண்களுக்கு மட்டும் வகுப்பு. மெதுவாகச் செய்கிற உடற்பயிற்சி, மூச்சோடு சேர்த்துச் செய்வது, நாரியைத் தாங்குகிற உள்தசையைப் பலப்படுத்துவது என்று உம்மு விளக்கினாள்.

“என்ன செய்யச் சொல்லுவா?” என்று றவூப் கேட்டார்.

“கூடுதலாப் படுக்கத்தான் சொல்லுவாவாம்,” என்றாள் ஸுஹைறா.

“மருதமுனைக்குப் போய்ப் படுக்கவா? பாய் இஞ்சயும் இரிக்கிதானே.” சொன்னவர்தான் ஓட்டோவையும் பேசிவிட்டார்.

முதல் நாளே குழப்பம். ஸம்றா பெரிய கண்ணாடியை மேற்குச் சுவரில் பதித்திருந்தாள். மல்லாந்து படுத்தால் கால் நேரே மேற்கே, தொழுகிற திசைக்குப் போகும். ஒருத்தியும் படுக்கவில்லை. “கிப்லாவுக்குக் காலை நீட்டவா புள்ள?” என்றாள் உம்மு. பாவம், ஸம்றாவின் முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் பாயை இழுத்துத் திருப்பி, வடக்கே தலை வைத்துப் படுத்தார்கள். கண்ணாடி யாருக்கும் உதவாமல் சுவரில் நின்றது. “கையப் பக்கத்துல வைங்க. கண்ண மூடுங்க,” என்றாள் ஸம்றா.

ஸுஹைறா மூடவில்லை, திரும்பிப் பார்த்தாள். வடக்கே தலை வைத்து, கை கால் நேராக்கி, கண்ணை மூடி, வரிசையாகப் பெண்கள். அப்படிப் படுத்த பெண்களை அவள் ஒரே ஒரு கோலத்தில்தான் கண்டிருக்கிறாள். எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வகுப்பில் கேளாமல் கொள்ளாமல் தெற்கே தலையைப் போட்டாள். அவளுடைய கால் உம்முவின் முகத்துக்கு நேரே வந்தது. ஏன் என்று கேட்டார்கள், மய்யித்தைத்தான் வடக்கே தலை வைத்துக் கிடத்துவது என்று அவளும் மறைக்காமல் சொன்னாள். அதற்கடுத்த வகுப்பில் எல்லாப் பாய்களும் தெற்கே தலையாகக் கிடந்தன.

முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்துகிற பயிற்சியில் ஸம்றா அவளுடைய விலாவில் கை வைத்துப் பார்த்தாள்.

“மாமி, மூச்செங்க?”

“உள்ளுக்க இரிக்கி.”

“வெளிய விடுங்க.”

“விட்டா உழுந்திருவன் மகள்.”

ஸம்றா சிரிக்கவில்லை. கெட்டிக்காரி. சுருட்டிய பாய்களைக் கட்டி நிலத்தில் போட்டு, “ஒங்கட வேலையில எப்பிடித் தூக்குவீங்க, இதத் தூக்கிக் காட்டுங்க,” என்றாள். ஸுஹைறா நாரியை வில்லாக வளைத்துக் குனிந்தாள், மூச்சை அடக்கினாள், தூக்கினாள். கீழே வைக்கும்வரை அந்த மூச்சு வெளியே வரவில்லை.

“ஏன் மாமி மூச்சப் புடிக்கிறீங்க?”

இதை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். “ஹயாத்தோட இரிக்கிற நம்மட மூச்சு மய்யித்துட முகத்துல படப்படா.”

“அப்பிடி ஆர் சொன்ன?”

ஒருவரும் சொன்னதில்லை. எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை. உயிரில்லாதவளின் முகத்துக்கு நேரே மூச்சு விடுவது, பட்டினி கிடப்பவளின் முன்னால் இருந்து சாப்பிடுவது போல அவளுக்குப் பட்டது, அவ்வளவுதான். இத்தனை வருடமாக ஒவ்வொரு மய்யித்தையும் அவள் மூச்சை அடக்கியே தூக்கியிருக்கிறாள்.

“முகத்த அங்கால திருப்பிட்டு விடுங்க மாமி,” என்றாள் ஸம்றா. “மூச்ச அடக்கி, நாரிய வளைச்சித் தூக்கினா பாரம் முழுக்க நாரிக்குத்தான். முழங்கால மடக்குங்க. வயித்த உள்ளுக்க எடுங்க. தூக்கக்குள்ள மூச்ச விடுங்க.”

சொல்வது சுலபம். பழகிய உடம்பு குதிரையை விட மோசமான சண்டி. பல மாதம் போனது. நோவு பறந்துவிட்டது என்று சொன்னால் பொய். குளிர் நாட்களில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் கதிரையில் இருந்து தொழுதவள் பாயில் இறங்கித் தொழுதாள். நிறைகுடத்தைத் தூக்கும்போது, தான் மூச்சு விட்டதை ஒருநாள் தானே கவனித்து, றவூபைக் கூப்பிட்டுச் சொன்னாள். “நல்லது,” என்றார் றவூப், எதற்கு என்று விளங்காமலே.

வீட்டுப் பயிற்சியை ராத்தாவின் அறையில்தான் செய்வாள். அங்கேதான் நிலம் காலியாக இருந்தது. கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கையை முன்னுக்கும் எதிர்க்காலைப் பின்னுக்கும் நீட்டுவாள். கமீலா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“என்ன புள்ள இது, ஆட்டுக்குட்டி மாதிரி?”

“ஒங்களுக்காகத்தான் ராத்தா செய்றன். ஒங்கள நல்லபடியாத் தூக்கி, நல்லபடியாக் குளிப்பாட்டி அனுப்பணுமே.”

இப்படியெல்லாம் நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லலாமா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். ராத்தாவும் தங்கச்சியும் அப்படித்தான் கதைத்துக்கொண்டார்கள். அதில் கமீலாவுக்கு நிம்மதியும் இருந்தது.

ஒரு முற்பகல் ஆகிலா பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். பயிற்சியை முடித்துவிட்டு ஸுஹைறா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தர் வாசம் தூக்கலாக அடித்தது. சில காலமாகவே அடித்தது. ராத்தாவுக்கு அத்தர் பிடிக்கும், அதனால்தான் என்று நினைத்துவிட்டிருந்தாள்.

“நாரி இப்ப எப்பிடி?” என்று கமீலா கேட்டாள்.

“பரவாயில்ல. தூக்க ஏலும்.”

“என்னத் தூக்குவயா?”

“ஓம். இன்ஷா அல்லாஹ், அந்த நேரம் வந்தாத் தூக்குவன்.”

“அந்த நேரத்த உடு.” கமீலா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “தலையில தண்ணி பட்டு எவ்வளவு காலம் தெரியுமா எனக்கு? ஆகிலா குளிப்பாட்டுறன் எண்டுதான் நிக்கிறாள். நான் உடுறல்ல. சட்டையக் கழட்டினாக் காணுவாளே. ஈரத்துணியால சட்டைக்குள்ள துடைச்சிட்டு அத்தரப் பூசிட்டுக் கெடக்கன். மவுத்தான பொறகு நீ என்னக் குளிப்பாட்டினா எனக்குத் தெரியவா போகுது? இப்பக் குளிப்பாட்டு.”

ஸுஹைறாவுக்கு வெட்கமாக இருந்தது. மருதமுனைக்கு மாதக்கணக்காக ஓட்டோவில் போய் வந்தவள், ஒரு வாசல் தாண்டிக் கிடந்தவள் குளிக்காமல் கிடந்ததை மோந்தும் அறியவில்லை. ராத்தாவின் மய்யித்தை எப்படியெல்லாம் தூக்குவது என்று யோசித்தாளே ஒழிய, ராத்தாவை யோசிக்கவில்லை.

தண்ணீர் சூடாக்கினாள். கை தானாக, மய்யித்துத் தண்ணீரில் கலக்கிற கற்பூரத்தை எடுத்தது. சீ, என்று அதைத் திரும்ப வைத்தாள். குளியலறையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கட்டிலருகே வந்து முழங்காலை மடக்கி நின்றாள். வயிற்றை உள்ளே எடுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினாள். கமீலா எழுந்துவிட்டாள். மய்யித்துகள் அப்படிக் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வதில்லை. இருவரும் அடி அடியாக நடந்து போய்ச் சேர்ந்தார்கள்.

கதவைச் சாத்திச் சட்டையைக் கழற்றினாள். அந்தத் தழும்பைப் பார்த்தாள்; பார்த்தும் பாராமல் வலது தோளில் தண்ணீரை ஊற்றினாள். பழக்கம் போல வலது பக்கம் முதலில், பிறகு இடது. தலைமுடிக்கு ஷாம்பு போட்டு விரலால் அலசினாள். ஒரு சொல் பேசவில்லை. தோள், கழுத்து, காதின் பின்புறம். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். முகத்தைக் கழுவக் கிட்டக் குனிந்தபோது அவளை அறியாமலே மூச்சு நின்றிருந்தது.

கமீலா கண்ணைத் திறந்தாள்.

“என்ன புள்ள, வாய மூடிட்டுக் குளிப்பாட்டுறாய்? கதைச்சிக் கதைச்சிக் குளிப்பாட்டு. நான் இன்னம் மய்யித்தில்ல.”

ஸுஹைறா மூச்சை விட்டாள். அது ராத்தாவின் ஈர முகத்தில் நேரே பட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே, அன்று காலை இடியப்ப மா கட்டிபட்டுப் போன கதையைத் தொடங்கினாள்.