நீளமுடி அரசர்களும் ஒரு கத்தரிக்கோலும்

தேசிய சேவைக்குப் போக மூன்றே நாள் இருந்தது. ராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவில் இறங்கியதும் வரிசையாக உட்காரவைத்துத் தலையை மெஷினால் மழித்துவிடுவார்கள். ஓட்டம், துப்பாக்கி எதற்கும் நான் பயப்படவில்லை. பயமெல்லாம் அந்த மெஷினுக்குத்தான். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் வளர்த்த முடி தோளைத் தாண்டியிருந்தது.

எல்லாம் மெரோவிங்கியர்களால் வந்தது! ரோமாபுரி சரிந்தபின் இன்றைய பிரான்ஸ் பக்கம் ஆண்ட ஃபிராங்க் அரசர்கள். சின்ன வயதிலிருந்தே கத்தரி படாத கூந்தல்தான் அவர்கள் அரசர்கள் என்பதற்கு அடையாளம். வெட்டிவிட்டால் பதவி போச்சு. கடைசி அரசனை அப்படித்தான் மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். நூலகத்தில் இதைப் படித்ததிலிருந்து, எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது முடி கழுத்தில் உரசினால், ஏதோ ஒரு ராஜ்யம் என்னோடு பயணம் செய்வதுபோல் இருக்கும். இறங்கவேண்டிய நிலையத்தைக்கூட விட்டிருக்கிறேன்.

மெஷினிடம் பறிகொடுக்க மனமில்லை. சனிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையோரச் சந்தில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். பவுடர் வாசனை, பக்கத்துக் கடை மல்லிகை, மின்விசிறிக் காற்று. பாதித் தூக்கத்தில் மொத்தக் கதையையும் கடைக்காரரிடம் சொன்னேன்.

"சரி தம்பி, அந்த ராஜாவுக்கு முடி வெட்டினானே, அவன் யாரு?"

அவனை எந்தப் புத்தகத்திலும் நான் தேடியதே இல்லை.

"பாவம், கை நடுங்கியிருக்கும். நீங்க சொன்ன கதைக்கு எனக்கே நடுங்குது."

"அண்ணே, சீக்கிரம் வெட்டுங்க லா," என்றாள் அக்கா பெஞ்சிலிருந்து. "விட்டா பாரிஸ் வரைக்கும் போயிடுவான்."

அவர் முடியை ரப்பர் பேண்டால் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திறந்தால், கத்தரியின் கைப்பிடி என் பக்கம் நீண்டிருந்தது.

"முதல் வெட்டு நீங்களே போடுங்க. அப்புறம் யாரும் பறிச்சாங்கன்னு இருக்காது."

ஒரே வெட்டில் போகவில்லை. நறுக் நறுக்கென்று நாலைந்து முறை அழுத்தியபின் கற்றை கையோடு வந்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது. மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

"டேய், உனக்குக் காது இவ்ளோ பெருசா?" அக்காவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "மகாராஜா, எம்ஆர்டியா, பஸ்ஸா?"

"மாட்டு வண்டி."

கடைசி மெரோவிங்கியர்கள் அதில்தான் போவார்களாம். மத்தியான வெயிலில் பேருந்துகள் அசைபோடுகிற மாடுகளாய் நகர்ந்துகொண்டிருந்தன. மூன்று வருஷத்தில் முதன்முறையாகப் பிடரியில் காற்று பட்டது. கற்றையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.