செம்பூரிலிருந்து ஒரு எறும்புக்கூடு

ஞாயிறு காலை டோம்பிவிலியில் ஸ்லோ வண்டி ஏறினேன். செம்பூருக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். தண்டவாள வேலைக்காக நண்பகலில் வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக் என்று அறிவித்திருந்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். எதற்குப் போகிறேன் என்று மனைவி மல்லிகாவிடம் சொல்லவில்லை. அவள் தங்கை வீட்டு மாமரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றால் சிரிப்பாள்.

ஏழு வருடங்களுக்கு முன், அந்தத் தங்கை செல்வியின் கணவர் பெருமாளும் நானும் ஒரே நர்சரியில் இரண்டு ஒட்டு மாங்கன்றுகள் வாங்கினோம். அவருடையது செம்பூரில் அவர் வீட்டுப் பின்புறம் நிற்கிறது. என்னுடையது எங்கள் கட்டட வளாகத்தில். உரம், வேப்பெண்ணெய், மாதம் ஒருமுறை மருந்தடிப்பவர் என்று நான் செய்யாதது ஒன்றுமில்லை. அப்படியும் ஒவ்வொரு தையிலும் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சி, பூவெல்லாம் கருகிக் கொட்டிவிடும். மே மாதம் பெருமாள் வீட்டிலிருந்து ஒரு பை பழம் வரும். மல்லிகா கொட்டையைச் சப்பிக்கொண்டே, "கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா" என்பாள். நான் அந்தப் பழத்தைத் தொடுவதில்லை. சர்க்கரை என்று சொல்லிக்கொள்வேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறிச் செம்பூரில் இறங்கி நடந்தேன். பெருமாள் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி! ஒரு போன் பண்ணிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்லா!"

பின்புறம் போனோம். மரம் நிறையப் பூ. சில கொத்துகளில் மிளகளவுக்குப் பிஞ்சு. கிளைகளில் இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து பந்தான கூடுகள். முசுறு என்று எங்கள் பக்கம் சொல்லும் சிவப்பு எறும்புகள் கிளையெங்கும் ஓடின. ஒரு பூங்கொத்தில் தத்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு முசுறு அதன் காலைக் கவ்வியது. அடுத்த கணம் நாலைந்து வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டுக்கு இழுத்துப் போயின. மரம் கூடு கட்ட இலை கொடுக்கிறது, எறும்பு பூவைக் காக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன மருந்து போடுதீங்க?"

"நான் என்னத்தப் போட்டேன்? தண்ணிகூட செல்விதான் ஊத்துதா. இதுங்க தானா வந்துச்சு. கடிக்கும்னு நான் பக்கத்துலயே போறதில்ல."

ஒன்றுமே செய்யாத மனிதருக்கு இப்படி ஒரு காவல்படை!

வாய் கூசியது. ஆனாலும் கேட்டேன். "எனக்கு ஒரு கூடு தருவீங்களா?"

உடனே ஏணி வைத்து ஏறிவிட்டார். கழுத்திலும் கையிலும் கடிபட்டு, கிளையோடு ஒரு கூட்டை வெட்டித் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்தார். கொஞ்சம் முகம் சுளித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே கழுத்தைச் சொறிந்தார்.

திரும்பும் வண்டியில் உறையை மடியில் வைத்திருந்தேன். காட்கோபர் தாண்டியதும் தையல் வழியாக முசுறு வெளியே வரத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர் துள்ளி எழுந்து, உறைக்குள் என்ன என்று கேட்டார்.

"அரே அங்கிள், இஸ் மே க்யா ஹை?"

"சீண்ட்டி," என்றேன். எறும்பு என்றதும் எதிர் சீட்டும் காலியானது. மணிக்கட்டில் கடித்துக்கொண்டே வந்தன. நான் உறையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூட்டை என் மரத்தில் கட்டினேன். சாயங்காலமே எறும்புகள் கிளைகளில் ஓடின. "இதுக்குத்தான் போனீங்களா?" என்று மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

புதன்கிழமை பார்த்தால் கூடு காலி. தேடினேன். மரத்தை உரசிப்போகும் கேபிள் வயர் வழியாக வரிசையாகச் சுவர் தாண்டிப் போய், பக்கத்துக் கட்டடத்து நாவல் மரத்தில் இலை தைத்துக்கொண்டிருந்தன. அங்கே யாரும் ஏறிட்டும் பார்க்காத மரம் அது. அதன்மேலும் பொறாமை வந்தது.

செம்பூருக்குப் போன் செய்தேன். செல்விதான் எடுத்தாள்.

"மருந்தடிச்ச மரத்துல அதுங்க எப்படி அத்தான் இருக்கும்? நாத்தம் தாங்காம ஓடிருக்கும்."

மருந்து எறும்பைத்தான் துரத்தியிருக்கிறது, தத்துப்பூச்சியை அல்ல.

மருந்தடிப்பவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வருடப் பூவும் கருகத் தொடங்கிவிட்டது. தினமும் காலையில் மரத்தடியில் நின்று அந்த வயரைப் பார்க்கிறேன். பெருமாளைப்போல் சும்மா இருக்க முயற்சி செய்கிறேன். கை துறுதுறுக்கிறது.