சேதம் இல்லாத வயல்

இன்று தண்ணீர் லாரிகளுக்கு நடுவே எல்லோரும் ஊர்ந்து கடக்கிற மேடவாக்கத்தில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், விவசாயிகள் திடீரென்று பெருகிவிட்டார்கள். ஐப்பசி மழையில் பயிர் அழுகியவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் தரப்போகிறது என்று செய்தி வந்ததுதான் தாமதம், ஏர் பிடித்து வருஷக்கணக்காகிவிட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் என் மாமா. தன் நிலத்தை மனைகளாகக் கூறுபோட்டு வெள்ளைக் கல் நட்டுவிட்டிருந்தார். பட்டா மட்டும் அவர் பெயரிலேயே இருந்தது. தேங்கிய மழைநீரில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, அழுகிய நாற்றை நட்டுக்கொண்டிருந்தார். அதுவும் ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்த்தால் தெரிகிற தூரம் வரைக்கும்தான். அதற்கு மேல் நடுவது வீண் உழைப்பு என்பது அவருடைய விவசாயக் கொள்கை.

அந்த அழுகல், அவர் தங்கையான என் சித்தி தன் வயலிலிருந்து வாரிப் போட்டது. அந்தப் பக்கத்தில் உண்மையாகவே பயிர் வைத்து உண்மையாகவே பறிகொடுத்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு தவறு செய்துவிட்டாள். அதிகாரி வரும்வரை காத்திராமல், தண்ணீர் வடிந்ததும் வளையலை அடகு வைத்து மறுபடி உழுது, கூடுவாஞ்சேரி நாத்தனார் வீட்டிலிருந்து நாற்றுக் கட்டுகளை மின்சார ரயிலில் கொண்டுவந்து நட்டுவிட்டாள். ஒரு கட்டைத் தலையில் சுமந்தவன் நான். சேறு காதுக்குள் போனதில் எனக்கு விவசாயத்தின் மீது அன்றே விரக்தி வந்துவிட்டது.

அதிகாரி வருகிற அன்று காலை சித்தியின் வயல் பச்சைப்பசேலென்று நின்றது. மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது? இப்டி நின்னா எவன் துட்டு குடுப்பான்? வாய்க்காலத் தொறந்து வுடு. கொஞ்ச நேரம் முழுவட்டும்.”

“இப்பத்தான் வேரு புடிக்குது. முழுவினா அழுகிப்பூடும்ணா.”

“அழுகினாத்தான துட்டு!”

இந்த வாதம் எனக்கு அப்பழுக்கற்றதாகத் தெரிந்தது. மாமா பரோட்டா வேறு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் சித்தி போய், மடை வாயில் புடவையோடு சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வெட்றா பாக்கலாம். என் கால வெட்டிட்டுத் தொற.”

பரோட்டாவை நான் மனசுக்குள் கைவிட்ட நேரத்தில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கவில்லை. மாமாவின் அழுகலைப் பார்த்து உச்சுக்கொட்டி எழுதிக்கொண்டார். பிறகு சித்தியின் வயலைப் பார்த்தார்.

“பயிர் நல்லாத்தானே இருக்கு? இதுக்கு நிவாரணம் கெடையாதும்மா.”

“மொதல்ல வச்சது அழுகிப்போச்சு சார். இது ரெண்டாவது.”

“கண்ணால பாக்குறதத்தாம்மா எழுத முடியும்.”

சித்தி சேறு சொட்டச் சொட்ட ஜீப்பருகே போனாள். கெஞ்சப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

“அப்ப பாத்தத சத்தமா சொல்லுங்க சார். நல்லாக்கீதுன்னு சொன்னீங்களே, அத்த இன்னொரு தரம். அந்தாண்ட கல்லு நட்டுக்கினு நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

அதிகாரி மிரண்டுபோய் உரக்கச் சொன்னார். மாமா ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் பணம் வரப்போகிறது. எங்களுக்கு மட்டும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வரப்பு வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் வீடு சேரலாம் என்று சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் நடந்தாள். ஏன் அந்த வழியாகப் போனாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று நினைக்கட்டும் என, நன்றாகப் பின்தங்கியே நடந்து வந்தேன்.