சீர் வைத்த புத்தக அலமாரி

எங்கள் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில் ‘வேறு வைப்பார்கள்’. ஒரே வீடுதான், அடுப்பு மட்டும் தனி. அன்றைக்குப் பெண் கொண்டுவந்த பாத்திரங்களையெல்லாம் பரப்பி வைப்பார்கள், உறவுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். அறுபதுகளின் கடைசியில் நான் காரைக்குடிக்கு வாழ வந்தபோது பாத்திரங்களோடு இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களும் வந்தன. அவற்றுக்கு மட்டும் இடமில்லை. ஒரு பெட்டியில் கரையான் ஏறிவிட்டது.

கூடத்தில் இங்கிலாந்தில் செய்த மகோகனி அலமாரி ஒன்று இருந்தது. தன் சொந்த ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் மாமனாரின் தகப்பனார் வாங்கியது. கீழே மரக்கதவு. மேலே மெல்லிய சட்டங்கள் கோத்த கண்ணாடிக் கதவு. உச்சியில் பல்வரிசை போல ஒரு விளிம்பு. புத்தகத்துக்கென்றே பிறந்த அலமாரி. அதற்குள் எனாமல் தூக்குகளும் தட்டுகளும் அடைந்து கிடந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரியும்.

மாமியாருக்கு அதன்மேல் மதிப்பே இல்லை. “நம்ம பர்மாத் தேக்குல யாளியும் கிளியுமா செதுக்கியிருக்கு. இந்த வெள்ளைக்காரத் தச்சன் ஒரு பூக்கூடப் போடல” என்பார்.

துணிந்து கேட்டேன். “கண்ணாடிக்குள்ள புத்தகத்த வச்சா, பாத்திரமில்லாத வீட்டுல பொண்ணெடுத்தோம்னு நெனைப்பாக” என்றார்.

வேறு வைக்கும் நாள் நெருங்கியபோது மனமிளகி, அலமாரி உனக்குத்தான் என்றார். கையோடு ஆசாரியையும் வரவழைத்துவிட்டார், என் உயரமான குடங்கள் நிற்க வசதியாக நடுத்தட்டுகளை அறுத்தெடுக்க! மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். அறுத்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“கொஞ்சம் பொறுங்க அத்தை” என்று பாத்திரங்களை இறக்கினேன். அலமாரியின் நடுத்தட்டு ஒன்றை ஆட்டிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. ஆணியே இல்லை. பக்கப் பலகைகளில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, புத்தகத்தின் உயரத்துக்குத் தக்கபடி தட்டை மாற்றிக்கொள்ள வைத்திருந்தான் அந்தத் தச்சன். இத்தனை வருஷப் பாத்திரக் கனத்தில் யாரும் அசைத்துப் பார்க்கவில்லை.

மாமியார் கிட்டே வந்தார். தட்டைத் தானே ஒரு பள்ளம் ஏற்றினார், மறுபடி இறக்கினார். முகத்தில் சிரிப்பு. “கெட்டிக்காரப் பயதான்” என்றார். பிறகு ஆசாரியை அனுப்பிவிட்டு, “கீழ்த்தட்டக் கழட்டிட்டு, குடமெல்லாம் கீழ்க்கதவுக்குள்ள போகட்டும். மேல ஒன் இஷ்டம்” என்றார்.

வேறு வைத்த அன்று ஒரு உறவுக்காரப் பெண்மணி அலமாரி முன் நின்றுவிட்டார். “என்ன ஆச்சி, சாமானெல்லாம் எங்க வச்சீக? கண்ணாடிக்குள்ள வெறும் புத்தகமால்ல இருக்கு?”

மாமியார் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“அதுவும் எங்க மருமக கொண்டாந்த சீருதான். நல்லாப் பாருங்க.”